சிட்டிக்கு நாற்பதே நிமிடமா? புறநகரில் வீடு தேடுவோர் கேள்வி–பதில்

வேலை பெருநகரத்தில், வீடு அதைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில். எந்த ஊர் என்பதில்தான் குழப்பம். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இரண்டு ஊர்களுக்கு நடுவே திண்டாடுகிறோம். முதல் ஊரிலிருந்து ரயிலில் 32 நிமிடம். வழியில் ஒரு முறை வண்டி மாற வேண்டும். வீடு ஸ்டேஷனிலிருந்து 1.4 கிலோமீட்டர். இரண்டாவது ஊர் அந்தத் தடத்தின் கடைசி ஸ்டேஷன். 55 நிமிடம், மாற வேண்டியதில்லை, வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. கிட்டத்தில் இருப்பதைத்தானே எடுக்க வேண்டும்?

பதில்: அவசரப்படாதீர்கள். 32 என்பது ரயில் ஓடும் நேரம். உங்களுக்கு வேண்டியது, வீட்டைப் பூட்டியதிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை ஆகும் நேரம். அதைக் கூட்டிப் பார்ப்போம்.

முதல் ஊர்: ஸ்டேஷனுக்கு நடை 18 நிமிடம், மேம்பாலம் ஏறி பிளாட்பாரம் சேர 3, காத்திருப்பு 5, ரயிலில் 32, வண்டி மாறும் இடத்தில் 9, இறங்கி ஆபீஸுக்கு 7. மொத்தம் 74. இரண்டாவது ஊர்: நடை 5, பிளாட்பாரம் 2, காத்திருப்பு 3, ரயிலில் 55, ஆபீஸுக்கு 7. மொத்தம் 72. டைம்டேபிளில் 23 நிமிடம் தள்ளி இருந்த ஊர், வாசலிலிருந்து வாசலுக்கு அளந்தால் 2 நிமிடம் கிட்டே வந்துவிட்டது.

இத்தோடு முடியவில்லை. எல்லா நிமிடமும் உடம்புக்கு ஒரே மாதிரி தெரிவதில்லை. போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள், நடக்கும் நிமிடத்தையும் நின்று காத்திருக்கும் நிமிடத்தையும் வண்டிக்குள் இருக்கும் நிமிடத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எண்ணுவது வழக்கம். வண்டி மாறுவதற்குத் தனியாகச் சில நிமிடம் அபராதமும் சேர்ப்பார்கள். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டால் முதல் ஊரின் 42 நிமிட நடையும் காத்திருப்பும் 84 ஆகி, ரயில் நேரத்தோடு 116. இரண்டாவது ஊரில் 17 நிமிடம் 34 ஆகி, மொத்தம் 89. கடைசி ஸ்டேஷன் என்பதால் காலையில் அங்கிருந்தே கிளம்பும் வண்டியில் உட்கார இடமும் கிடைக்கும்.

நடைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது நிமிடத்துக்கு 80 மீட்டர். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் ‘ஸ்டேஷனிலிருந்து இத்தனை நிமிட நடை’ என்று போடுவதற்கு இந்த அளவுதான் விதி. மிச்ச மீட்டர்களை ஒரு முழு நிமிடமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அதில் சிக்னலும் மேடும் சேராது. எனவே வாங்குவதற்கு முன், வேலை நாளில், நீங்கள் உண்மையில் கிளம்பும் நேரத்தில், ஆபீஸ் செருப்போடும் பையோடும் நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஊர் சுற்றிப் பார்த்த கணக்கில்தான் சேரும்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்கிறார்கள். ஆனால் நான் போய் நின்றால் எப்போதும் அதற்கு மேல்தான் காத்திருக்கிறேன். என் ராசியா?

பதில்: ராசி இல்லை, கணக்கு. சரியாகப் பத்து நிமிட இடைவெளியில் வந்தால், நேரம் பார்க்காமல் போகிறவருக்குச் சராசரி காத்திருப்பு 5 நிமிடம். அதே ரயில்கள் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி பத்துதான். ஆனால் நீங்கள் போய்ச் சேரும் நேரம் அந்த நீண்ட 15 நிமிடத்துக்குள் விழ வாய்ப்பு மூன்று மடங்கு. அதனால் சராசரி காத்திருப்பு 6 நிமிடம் 15 நொடி ஆகிவிடும். இடைவெளி ஒழுங்கு கெடக் கெட இது கூடிக்கொண்டே போகும்.

ஊரை எடைபோடும்போது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரயில் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மிக நீண்ட இடைவெளி எவ்வளவு என்றும் கேளுங்கள். இரவு 9 மணிக்கு மேல் என்ன நிலை என்பதைத் தனியாகப் பாருங்கள். காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடும் தடத்தில் இரவு 40 நிமிடத்துக்கு ஒன்றுதான் என்றால், ஆபீஸில் பத்து நிமிடம் தாமதமானதற்கு வீட்டில் 40 நிமிடம் தாமதம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதை விட்டால் வீடு சேர என்ன வழி என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஊர்களிலிருந்தும் சராசரியாக ஒரு மணி நேரம்தான். அப்படியானால் விலை குறைந்த ஊரை எடுத்துக்கொள்ளலாம், இல்லையா?

பதில்: சராசரியை நம்பி அலாரம் வைக்க முடியாது. ஒரு ஊரில் தினமும் 57 முதல் 63 நிமிடம். இன்னொன்றில் பல நாள் 50, சில நாள் 95. இரண்டுக்கும் சராசரி ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது ஊர்க்காரர் 95 நிமிடத்துக்கு முன்பே கிளம்பப் பழகிவிடுவார். அவருடைய பயணம் உண்மையில் 95 நிமிடம்தான். சீக்கிரம் போன நாளில் மிச்ச நேரத்தை ஆபீஸ் வாசலில் கழிக்கிறார்.

சாலைப் பொறியாளர்கள் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: இருபது பயணங்களில் பத்தொன்பது எந்த நேரத்துக்குள் முடிகிறதோ அதுதான் திட்டமிட வேண்டிய நேரம். மாதத்துக்கு ஏறத்தாழ இருபது வேலை நாள் என்பதால், ‘மாதத்தில் ஒரு நாள் மட்டும் தாமதமாகப் போவேன்’ என்று பொருள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரிடம் “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டால் நல்ல நாளின் கணக்கைச் சொல்வார். “போன மாதம் ரொம்ப மோசமான நாளில் எவ்வளவு ஆச்சு?” என்று கேளுங்கள்.

மோசமான நாள் ஏன் வருகிறது என்பதைத் தண்டவாளத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம் இருந்தால், ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வரும் எல்லாம் நிற்கும். நான்கு தடம் இருந்தால் சுற்றி விட முடியும். தொலைதூர ரயிலும் சரக்கு ரயிலும் அதே தடத்தில் ஓடுகின்றனவா? அப்படியென்றால் அவற்றில் ஒன்று தாமதித்து வந்தாலும் உங்கள் வண்டி ஓரம்கட்டப்படலாம். ஒற்றைத் தடத்துக் கிளைப் பாதை இன்னும் மோசம். எதிர் வண்டி வந்து சேரும் வரை இது கிளம்பவே முடியாது.

வண்டி மாறும் ஊரில் இன்னொரு சிக்கல். முதல் வண்டி நேரத்துக்கு வர 90 சதவீதம், இரண்டாவதும் 90 சதவீதம் என்றால் இரண்டும் ஒழுங்காக அமைவது 81 சதவீதம்தான். ஐந்து நாளில் ஏறத்தாழ ஒரு நாள் சறுக்கும். அடுத்த வண்டி 5 நிமிடத்தில் வருமானால் கவலை இல்லை. 30 நிமிடம் கழித்து என்றால் அந்த ஊரைப் பட்டியலின் கீழே தள்ளுங்கள்.

கேள்வி: உட்கார இடம் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தடம் கிளம்பும் ஊரில் கிடைக்கும். நகரத்துக்கு மிகக் கிட்டே உள்ள ஊர்களில் கிடைக்காது, ஆனால் நிற்பதும் கொஞ்ச நேரம்தான். மாட்டிக்கொள்வது நடுவில் இருப்பவர்கள்: இடமும் இல்லை, 35–40 நிமிடம் நிற்கவும் வேண்டும்.

நெரிசலை அளக்க ஜப்பானில் அரசாங்கமே நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு கணக்கு உண்டு. எல்லாருக்கும் இருக்கையோ பிடித்துக்கொள்ள வளையமோ கம்பியோ இருந்தால் 100 சதவீதம். 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்தால்தான் முடியும். 200-இல் உடம்போடு உடம்பு இடிக்கும். 250-இல் வண்டி குலுங்கும்போது கையைக்கூட அசைக்க முடியாது. நீங்கள் பார்க்கும் ஊரின் பிளாட்பாரத்தில் காலை வேளையில் நின்று, வரும் வண்டிகளை இந்த அளவுகோலில் போட்டுப் பாருங்கள். நாலு வண்டி பார்த்தால் போதும்.

கேள்வி: தூரத்து ஊரில் வீடு மலிவு. மிச்சமாகும் பணத்துக்காகத் தினமும் ஒரு வழிக்குக் கூடுதலாக 25 நிமிடம் பயணம் செய்வது தப்பா?

பதில்: தப்பில்லை, என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்றால் சரி. போக 25, வர 25, வருடத்தில் 220 வேலை நாள்: 11,000 நிமிடம், அதாவது 183 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஏறத்தாழ 23 நாள். தூரத்து ஊரால் ஒரு வருடத்தில் மிச்சமாகும் தொகையை 183-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு அந்த ஊர் தரும் கூலி. உங்கள் சம்பளத்தின் மணிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் பலருக்கு முகம் சுருங்கும்.

‘மிச்சம்’ என்பதையும் சரியாகப் போட வேண்டும். வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்றின் வாதம். வருமானத்தில் வீட்டுக்கு 30 சதவீதம் என்ற பழைய வரம்புக்குப் பதில், இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். தூரத்து ஊரில் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ரயில் கட்டணம் இல்லை, இரண்டாவது வண்டி. ஸ்டேஷனுக்குப் போக ஒன்று, வீட்டிலிருப்பவர் கடைக்கும் பள்ளிக்கும் போக ஒன்று என்று ஆனால், வண்டிக் கடன், எரிபொருள், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வீட்டில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

பொருளாதாரப் பாடப்படி, மலிவு வீடு நீண்ட பயணத்துக்கு ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஸ்டுட்ஸர், ஃப்ரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் கண்டது வேறு: நீண்ட நேரம் பயணிப்பவர்கள் வாழ்க்கைத் திருப்தி குறைவு என்றே சொன்னார்கள். பெரிய வீட்டுக்குக் கண் பழகிவிடும்; நெரிசலுக்கு உடம்பு பழகுவதில்லை.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ். தூரத்து ஊருக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஒரு வழி 50 நிமிடமாக வாரம் ஐந்து நாள் போனால் 500 நிமிடம். ஒரு வழி 90 நிமிடமாக இரண்டு நாள் என்றால் 360. ஆனால் ஐந்து நாளும் வரச் சொன்னால் அது 900 ஆகும். இருபது வருடக் கடனை, ஒரு சுற்றறிக்கையில் மாறக்கூடிய சலுகையை நம்பி எடுப்பதா என்பதை மட்டும் யோசியுங்கள். முதலில் வாடகைக்குப் போய்ப் பாருங்கள். மாதப் பாஸ் எடுப்பதற்கு முன், பாஸ் விலையை ஒரு நாள் போய்வரும் டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் ஆபீஸ் போகும் நாள்கள் அந்த எண்ணுக்குக் குறைவென்றால் பாஸ் நஷ்டம்.

கேள்வி: ரயில் இல்லாத ஊர், ஆனால் நெடுஞ்சாலை ஓரம். சிட்டிக்கு 40 நிமிடம் என்கிறார் விற்பவர். நாங்களும் ஓட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது.

பதில்: இன்றைக்குச் சரியாக இருந்திருக்கும். சாலை நிரம்பும் விதம் வேறு. அமெரிக்கச் சாலைத் துறை 1964-இல் வகுத்து இன்றும் பலர் பயன்படுத்தும் ஒரு வாய்பாட்டின்படி, காலியான சாலையில் 40 நிமிடமாகும் பயணம், சாலை தாங்கும் அளவுக்கு வண்டிகள் வந்ததும் 46 நிமிடம் ஆகும். அதைவிட 30 சதவீதம் கூடினால் 57, 50 சதவீதம் கூடினால் 70. அளவு தாண்டும் வரை தெரியாது, தாண்டியதும் மளமளவென்று ஏறும். உங்களைப் போலவே நூறு குடும்பங்களும் அதே விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

நெடுஞ்சாலையைவிட, ஊரிலிருந்து அதில் ஏறும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒரு லேனில் மணிக்கு சுமார் 1,800 கார்கள் கடக்கும். 90 நொடிச் சுற்றில் உங்கள் பக்கம் 30 நொடிதான் பச்சை என்றால் 600. அந்தச் சிக்னலுக்குப் பின்னால் 1,200 வீடுகள் எழும்பி, வீட்டுக்கு ஒரு கார் காலை ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பினால், அவை வெளியேற இரண்டு மணி நேரம் வேண்டும். எனவே சிக்னலில் பச்சை எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பாருங்கள். சுற்றி எத்தனை வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வெளியே போக ஒரே பாலம், ஒரே லெவல் கிராஸிங் என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் நாங்கள் அந்த ஊரைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: புது ரயில் தடம் வரப்போகிறது என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ரயிலும் மனை வியாபாரமும் கைகோத்து நடப்பது புதிதல்ல. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ 1910-இல் ஒசாகா பக்கம் ரயில் விட்டபோது, அதே தடத்தில் வீடு கட்டித் தவணையில் விற்றார். லண்டனில் மெட்ரோபாலிடன் ரயில்வே தன் தடத்தையொட்டிய நிலங்களை விற்க 1915-இல் ‘மெட்ரோ லேண்ட்’ என்று பெயரே சூட்டியது. அங்கெல்லாம் ரயில் ஓடியது. உங்களிடம் காட்டுவது வரைபடம்.

லண்டனின் எலிசபெத் தடம் 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது. திறந்தது 2022 மே 24. அதுவும் சுரங்கம் தோண்டி முடித்திருந்த நிலையில்! சிக்னல் அமைப்பும் சோதனை ஓட்டமும் வருடங்களை விழுங்கிவிட்டன. ஆகவே எந்தக் கட்டம் என்று கேளுங்கள். ஆய்வு நடக்கிறதா, ஒப்புதல் வந்ததா, நிதி ஒதுக்கியாயிற்றா, நிலம் கையகமாயிற்றா, தூண் எழும்பியதா, சோதனை ஓட்டமா? நிலம் எடுத்து முடியாத தடத்துக்கு இன்றைய விலையில் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஸ்டேஷன் எந்த இடத்தில் என்பது கடைசி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலும் உங்கள் நடை 13 நிமிடம் கூடும்.

கேள்வி: எனக்கு நகரத்தின் கிழக்கில் வேலை, கணவருக்கு மேற்கில். ஐந்து வயதுக் குழந்தை. இருவருக்கும் சம தூரத்தில் ஊர் தேடுவதுதானே நியாயம்?

பதில்: நியாயம்போலத் தெரியும், நடைமுறையில் இருவரும் குழந்தையிடமிருந்து சம தூரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் காப்பகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை எழுதுங்கள். குழந்தையை யார் அழைத்து வருகிறார்களோ, அவர் ஆபீஸ் விடும் நேரத்துக்கும் மூடும் நேரத்துக்கும் இடையே உள்ள நிமிடங்கள்தான் அவருடைய பயணத்தின் உச்ச வரம்பு. அதற்குள் அடங்காத ஊர்களை அடித்துவிடுங்கள். மிஞ்சிய ஊர்களில் இரண்டு தடங்கள் சந்திக்கும் ஜங்ஷன் இருந்தால் அதற்கு முதலிடம். ஒருவர் வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியிராது.

காப்பகம் வீட்டுப் பக்கம் இருக்கட்டும், ஆபீஸ் பக்கம் வேண்டாம். நெரிசல் வண்டியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது ஒருபுறம். விடுப்பு நாளிலும் அத்தனை தூரம் போக வேண்டிவரும்.

கேள்வி: ஊருக்குள் கடை கண்ணி எதுவும் இல்லை. சிட்டிக்குத்தான் தினமும் போகிறோமே, அங்கே வாங்கிக்கொண்டால் போகாதா?

பதில்: ஒரு மாதம் போகும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1954-இல் திறந்த வெலிங்பி என்ற புறநகரை வேலை, வீடு, கடைவீதி மூன்றும் ஒரே இடத்தில் என்று திட்டமிட்டார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வெளியேதான் போனார்கள். ஆனால் ஸ்டேஷனை ஒட்டியே கடைகளை வைத்தது பலித்தது, இறங்கி வாங்கிக்கொண்டு நடந்தே வீடு போகலாம். அதைப் பாருங்கள்: நீங்கள் இறங்கும் நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் மருந்துக் கடையும் மளிகைக் கடையும் திறந்திருக்கின்றனவா? இரவில் டாக்டர் உண்டா?

கேள்வி: தாழ்வான பகுதி என்று ஒருவர் பயமுறுத்துகிறார். “நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்தான்” என்கிறார் விற்பவர்.

பதில்: அந்தச் சொற்றொடர் பலரை ஏமாற்றியிருக்கிறது. அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருடக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். ‘25 வருட வெள்ளம்’ தொடும் மட்டத்தில் வீடு இருந்தால் அது 71 சதவீதம்.

சுற்றுச்சுவரின் அடிப்பாகத்தில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைத்த மின்சாரப் பெட்டி, சாலையைவிடத் தாழ்ந்துபோன பழைய வீட்டு வாசல்கள், இவை விற்பவரைவிட உண்மை பேசும். உங்கள் வீடு மேட்டில் இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போகும் வழி ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கச் சாலையாக இருந்தால், மழைக்கு முதலில் நிரம்புவது அதுதான். வேறு வழியில் ஸ்டேஷன் போக எத்தனை நிமிடம் என்று அளந்து, முதல் கேள்வியில் சொன்ன கூட்டலில் மழை நாளுக்கென்று தனியாக ஒரு வரி போடுங்கள்.

கேள்வி: ஸ்டேஷனுக்கு மிக அருகில் வீடு கிடைக்கிறது. சத்தம் பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: பகல் சத்தம் பழகலாம், இரவுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்காக 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், ரயில் இரைச்சல் இரவில் சராசரி 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தொடர்ந்து ரயில் ஓடும் பாதையில் தூரம் இரட்டிப்பானால் சராசரி இரைச்சல் குறைவது சுமார் 3 டெசிபல்தான். 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போவதால் பெரிய விடுதலை இல்லை. நடுவே ஒரு வரிசைக் கட்டடம் மறைத்தால் அதைவிட நல்ல பலன். வளைவில் சக்கரம் கிறீச்சிடும் இடம், தடம் பிரியும் இடத்தின் தடதடப்பு, ஹார்ன் அடிக்கும் லெவல் கிராஸிங், இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். சரக்கு வண்டிகள் பல இடங்களில் நள்ளிரவுக்குப் பின்னும் ஓடும். அந்த நேரத்தில் ஒரு முறை போய், படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.